சக்திவேலுக்குப் பதிலாக

செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு எதிர்ச்சந்தில் இருந்த ஒரு விடுதியின் மொட்டைமாடியில், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அருண்பிரசாத். குரங்குகள் மறுபடியும் குழாயைப் பிடுங்கிப் போட்டிருந்தன. மாதத்துக்கு ஒருமுறையாவது இந்த விடுதியிலிருந்து கூப்பிடுவார்கள். வருவான், குழாயை மாட்டுவான், ஃபில்டரைக் கழுவுவான், மலையைப் பார்த்தபடி ஒரு டீ குடிப்பான், போய்விடுவான். அவனுக்குப் பிடித்த வேலைதான். சத்தமில்லாத வேலை.

ஃபோன் அடித்தது. சக்திவேல்.

சக்திவேல், ராஜேந்திரனின் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். அருணைவிட ஏழெட்டு வயது சிறியவன். அந்த இடம் முன்பு அருணுடையது. அருண் விட்டுவிட்டு வந்த பிறகு அவன் போய் உட்கார்ந்தான். அதில் இருவருக்கும் மனவருத்தம் எதுவும் கிடையாது. தேரடி வீதியில் எதிர்ப்பட்டால் நின்று பேசுவார்கள், டீ குடிப்பார்கள். பாட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. சக்திவேலும் பேச்செடுக்க மாட்டான்.

"ண்ணா, எங்க இருக்கீங்க?"

"வேலையிலடா. சொல்லு."

"கவியாவுக்கு வலி வந்துடுச்சுண்ணா. இன்னும் நாளு இருக்குதுனு சொல்லியிருந்தாங்க. காலையில திடீர்னு... ஆஸ்பத்திரியில சேத்துட்டேன்."

அருணின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

"இப்போ எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுனு சொல்றாங்க. மொதல் பிரசவம், நேரமாகும், ராத்திரிகூட ஆவலாம்னு சொன்னாங்க." சக்திவேல் நிறுத்தினான். பின்னால் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. "ண்ணா, இன்னைக்கு சாயங்காலம் கீழ்பென்னாத்தூர்ல ரிசப்ஷன் இருக்குது. ராஜேந்திரண்ணா காலையிலேர்ந்து ஆள் தேடறாரு. பெரிய முகூர்த்தம். வேலூரு, விழுப்புரம் எல்லாப் பக்கமும் புக்காயிட்டாங்க."

அருணுக்குப் புரிந்துவிட்டது. "நான் ஸ்டிக் புடிச்சு நாலு வருசம் ஆவுதுடா."

"தெரியும்ண்ணா. உங்ககிட்ட கேக்கறதே தப்பு. ராஜேந்திரண்ணா கேக்கவே வேணாம்னுதான் சொன்னாரு. நீங்க முடியாதுன்னா நானே போயிடறேன். கவியாவும் போய்ட்டு வான்னுதான் சொல்றா. எனக்குத்தான்..."

"நீ போவாத," என்றான் அருண். யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது. "நீ அங்கயே இரு. நான் பாத்துக்கறேன்."

ஃபோனை வைத்துவிட்டு ஸ்பேனரைத் தரையில் போட்டான்.

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு திருவிழாக் கச்சேரிக்காக அருண் திருப்பத்தூர் பக்கம் போயிருந்தான். ஆர்த்திக்கு அப்போது எட்டாவது மாதம். கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தாள். சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கச்சேரி நடந்த நேரம் முழுக்க ஃபோன் பையில் கிடந்தது. முடித்து வந்து எடுத்துப் பார்த்தபோது ஆர்த்தியின் பெயரும் அவள் அண்ணன் பெயரும் மாறி மாறித் திரை நிறைய இருந்தன. வண்டி பிடித்து விடிகாலையில் வந்து சேர்ந்தான். குழந்தை இறந்தே பிறந்திருந்தது. பெரியவர்கள் சேர்ந்து அதற்குள் அடக்கமும் செய்துவிட்டிருந்தார்கள். ஆர்த்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த மாதமே அருண் டிரம்ஸை ஒரு கல்லூரிப் பையனிடம் விற்றுவிட்டு இந்த வேலையில் சேர்ந்தான். யாரும் விடச் சொல்லவில்லை. ஆர்த்தியும் சொல்லவில்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

இயந்திரத்தை அவசரமாகப் பூட்டினான். மாடி மூலையில் காலி தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன. சற்று நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டைக் கவிழ்த்து வைத்து, இரண்டு ஸ்க்ரூடிரைவர்களை எடுத்து, பிடிப்பக்கத்தால் தட்டிப் பார்த்தான். சாதாரண அடி. கைக்கு அது மறக்கவில்லை. வேகத்தைக் கூட்டினான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மணிக்கட்டு கனத்துவிட்டது. இடது கை வலது கைக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது.

படியில் காலடி கேட்டது. மேல் அறையில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் வந்து நின்றார். நரைத்த முடி, வெள்ளைப் புடவை. கழுத்தில் 'மௌனம்' என்று எழுதிய அட்டை தொங்கியது. அவருக்குக் கோபம் வந்திருந்தது, ஆனால் பேசக் கூடாது. அட்டையைக் காட்டினார், கேனைக் காட்டினார், காதைப் பொத்திக் காட்டினார். அருண் எழுந்து கும்பிட்டான். "சாரிங்கம்மா. சாயங்காலம் கச்சேரி. ரொம்ப நாளாச்சு," என்று தமிழிலேயே சொன்னான். அவருக்கு என்ன புரிந்ததோ, அவனுடைய கைகளைப் பார்த்தார். அவை இன்னும் ஸ்க்ரூடிரைவர்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. அம்மாள் முகம் இளகி, ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்: இன்னும் ஒருமுறை. படியில் உட்கார்ந்து, அந்த ஒருமுறை முடியும்வரை கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அவன் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில், பூஜைச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. போகும் வழியில் வண்டியை ஓரம் கட்டி ஆர்த்தியைக் கூப்பிட்டான். அவள் டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சக்திவேல் ஃபோன் பண்ணான்," என்றான். கவியாவைச் சேர்த்திருப்பதைச் சொன்னான். கச்சேரியைச் சொன்னான். "நான் வரேன்னு சொல்லிட்டேன். உன்ன கேக்காம சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் லேபின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஆர்த்தி?"

"மதியம் லீவு சொல்லிட்டு வரேன்," என்றாள். "சாப்பிடாம இருக்காதீங்க. குழம்பு இருக்குது."

வீட்டுக்கு வந்தபோது ஃபோனில் பாட்டுகளின் பட்டியல் வந்து கிடந்தது. ராஜேந்திரன் அனுப்பியிருந்தார். பாதி பழைய பாட்டுகள். அவை தூக்கத்தில் எழுப்பி வாசிக்கச் சொன்னாலும் வரும். மீதிப் பாதி இந்த நாலு வருடத்தில் வந்தவை. பெயர்களைப் படித்தான். டீக்கடையிலும் பஸ்ஸிலும் காதில் விழுந்திருக்கலாம். ஒன்றையும் முழுதாகக் கேட்டதில்லை.

அதற்குக் கீழே சக்திவேலின் குரல் பதிவுகள். ஒவ்வொரு புதுப் பாட்டையும் வாயாலேயே வாசித்து அனுப்பியிருந்தான்.

"டும் டக்க, டுடும் டக்க... இப்படியே போவும்ண்ணா. ரெண்டாவது சரணம் முடியற எடத்துல ஒரு ஸ்டாப்பு. எல்லாரும் கப்புனு நிப்பாங்க. மனசுல நாலு எண்ணிட்டு ஒரு ரோலு போட்டு உள்ள வாங்க... சிஸ்டர், சிஸ்டர்! நான்தான் கவியா வீட்டுக்காரரு. எது? மாத்திரையா? தோ வரேன்... ண்ணா, அடுத்தது அப்புறம் அனுப்பறேன்."

அடுத்த பதிவில் மூச்சிரைத்தது. எங்கிருந்தோ ஓடி வந்திருக்கிறான். "இது ஆறுக்கு எட்டு தாளம்ண்ணா. ஸ்லோவா ஆரம்பிக்கும், ஏமாந்துடாதீங்க." அதற்கடுத்த பதிவில் ஒரு பெண்ணின் முனகல் கேட்டது. சக்திவேல் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, நான் இங்கதான் இருக்கேன்," என்றான். அதோடு பதிவு முடிந்தது. அதை மட்டும் அருண் இரண்டாம் தடவை கேட்டான்.

ஆர்த்தி வந்தபோது அவன் கட்டிலில் தலையணைகளை வட்டமாக அடுக்கி, இரண்டு மரக்கரண்டிகளால் அடித்துக்கொண்டிருந்தான். கால்மாட்டில் ஃபோன் பாடிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் நின்று பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பாட்டு இவ்ளோ மெதுவா போகாது," என்றாள்.

"ஃபோன்ல அப்படித்தானே போவுது?"

"அது மொத ரெண்டு வரிக்குத்தான். அப்புறம் தூக்கும். இருங்க." ஃபோனை நிறுத்திவிட்டு அவளே பாடினாள். சத்தமாக இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. வார்த்தை தெரியாத இடத்தில் நானா நானா என்று போட்டுக்கொண்டாள். நடுவில் வரும் வயலினையும் அவளே வாயால் வாசித்தாள். "இங்க! இங்கதான் நிக்கணும்," என்று அவன் முழங்காலில் தட்டினாள்.

அருண் கரண்டியைத் தாழ்த்தினான். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"லேப்ல நாள் முழுக்க ஓடுது. ஷேர் ஆட்டோல ஓடுது. ஊரே பாடுது." அவள் தலையணை உறையைச் சரிசெய்தாள். "நம்ம வீட்டுலதான் பாட்டு போடறதில்ல."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இருந்தும் அருணுக்குச் சுருக்கென்றது. வீட்டில் பாட்டுப் போடக் கூடாது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. டிவியில் பாட்டு வந்தால் ரிமோட்டை எடுத்து மாற்றுவான், அவ்வளவுதான். அவளும் மாற்றிவிடுவாள். அவனுக்காக அவள், அவளுக்காக அவன்.

பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அவள் பாட, அவன் தலையணையை அடித்தான். தப்பினால் அவள் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தாள். ஒரு குத்துப் பாட்டில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாட முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனும் சிரித்தான். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தான். அந்த நினைப்பு வந்ததும் கை நின்றுவிட்டது.

"ஏன்? வலிக்குதா?"

"என்னால முடியாது ஆர்த்தி." கரண்டிகளை வைத்துவிட்டான். "ராஜேந்திரண்ணாகிட்ட சொல்லிடறேன். டிரம்ஸ் இல்லாம எலெக்ட்ரிக் பேடு வெச்சு ஓட்டிக்கட்டும். தல்ஹா கீபோர்டுலயே ரிதம் போட்டுடுவான்."

கீழே கடையில் யாரோ கற்பூரம் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "அன்னைக்கு நீங்க ஃபோனை எடுத்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது. நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே துடிப்பு நின்னு போச்சுனு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க பக்கத்துத் தெருவுல இருந்திருந்தாலும் அதேதான்."

"தெரியும்," என்றான் அருண். "அது எனக்குத் தெரியும். ஆனா நான் கூட இருந்திருப்பேன்ல?"

"ஆமா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கூட இருந்திருப்பீங்க. அது வேற. நீங்க இல்லனு எனக்குக் கோவம் இருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு. இப்போ இல்ல."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் டிரம்ஸையே வித்துட்டு வந்து நின்னீங்களே. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் கையை விலக்கவில்லை. ஃபோனில் சக்திவேலின் அடுத்த பதிவு வந்து விழுந்த சத்தம் கேட்டது.

"இன்னைக்கு அந்தப் பையன் பொண்டாட்டி கூட இருக்கட்டும்," என்றாள் ஆர்த்தி. "நீங்க போய் வாசிங்க. கரண்டியை எடுங்க. நாலு பாட்டு பாக்கி இருக்குது."

கிளம்பும் நேரம் வந்தது. அவன் குளித்துவிட்டு வந்தபோது அவள் ஒரு பையில் துண்டு, பழைய பருத்திப் புடவை, ஃப்ளாஸ்க் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதுக்கு இவ்ளோ?"

"உங்களுக்கு இல்ல. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். கவியா அம்மா சேலத்துலேர்ந்து வரணும், ராத்திரி ஆயிடும். அந்தப் பையனுக்கு என்ன தெரியும்? வெறுங்கையோட போயிருப்பான்."

அருண் அவளைப் பார்த்தான். அது அதே ஆஸ்பத்திரி, அதே பிரசவ வார்டு. அங்கே ரத்த மாதிரி வாங்கப் போகச் சொன்னால்கூட லேபில் வேறு யாரையாவது அனுப்பிவிடுவாள்.

"நிச்சயமா?"

"தெரியல. போய்ப் பாக்கறேன்." பையின் ஜிப்பை இழுத்தாள். "பொறந்ததும் ஃபோன் அடிக்கறேன். நீங்க பாட்டு நடுவுல இருப்பீங்க, எடுக்க முடியலன்னா பரவால்ல."

"எடுப்பேன்," என்றான்.

அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல், வேகமாகப் படியேறி உள்ளே போனாள். நின்றால் திரும்பிவிடுவோம் என்று பயந்தவள் மாதிரி இருந்தது.

கீழ்பென்னாத்தூரில் மண்டபம் பஸ் நிலையத்தைத் தாண்டி, வேர்க்கடலை மண்டிகளுக்கு நடுவே இருந்தது. வாசலில் வாழைமரம், சீரியல் விளக்கு, பெரிய பேனரில் மாப்பிள்ளையும் பெண்ணும். மேடையோரம் தல்ஹா கீபோர்டுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தான். அருணைக் கண்டதும் வயரைப் போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டான். வேறொன்றும் கேட்கவில்லை. "சேரு குட்டையா இருக்கும். சக்தி உயரத்துக்கு வெச்சது. ஏத்திக்கோ," என்றான்.

அருண் இருக்கையை உயர்த்தினான். ஸ்னேர் டிரம்மைத் தன் பக்கம் இழுத்தான். சிம்பலைத் தாழ்த்தினான். சக்திவேலின் பையிலிருந்து இருப்பதிலேயே கனமில்லாத ஸ்டிக்குகளைத் தேர்ந்தெடுத்தான். காலால் ஒருமுறை கிக் டிரம்மின் மிதியை அழுத்தினான். அந்த 'தும்' பலகையில் இறங்கி, நாற்காலி வழியாக அவன் வயிற்றுக்கு ஏறியது. கண்களை மூடிக்கொண்டான். எவ்வளவு நாள் பட்டினி என்று அப்போதுதான் தெரிந்தது.

ராஜேந்திரன் ஜரிகை வைத்த சட்டையில் வந்தார். ஐம்பது தாண்டியவர், குழுவுக்கு முதலாளியும் அவர்தான், முதல் பாடகரும் அவர்தான். அருணின் தோளில் கை வைத்தார்.

"உன்ன கூப்புட வேணாம்னுதான் சொன்னேன் அருணு. தப்பா எடுத்துக்காத."

"தெரியும்ண்ணா."

"தப்பு வந்தா வரட்டும். வாசிச்சுகினே இரு, நின்னு மட்டும் போவாத. நான் இழுத்துகினு போயிடறேன்."

அருண் ஃபோனைத் திரை மேலே தெரியும்படி, சிம்பல் பெட்டியின் மேல், இடது கைக்கு எட்டும் இடத்தில் வைத்தான்.

முதல் பாட்டு பழைய பாட்டு. கணபதியைக் கும்பிடும் பாட்டு, எல்லாக் குழுவும் அதில்தான் ஆரம்பிக்கும். கை தானாகப் போயிற்று. அடுத்ததும் பழசு. மூன்றாவது புதிது. ஆர்த்தி முழங்காலில் தட்டிய இடம் வந்தபோது சரியாக நின்றான், சரியாக உள்ளே வந்தான். தல்ஹா திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான். அந்த சந்தோஷத்திலேயே அதற்கடுத்த பாட்டைக் கெடுத்தான். எல்லோரும் நிறுத்திய இடத்தில் அவன் மட்டும் நிற்கவில்லை. மண்டபம் முழுக்க அமைதி, நடுவில் அவனுடைய ஸ்னேர் மட்டும் தட் தட் என்று தனியாகப் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். ராஜேந்திரன் அசரவில்லை. "நம்ம டிரம்மருக்கு மாப்பிள்ளையைவிட அவசரம்," என்று மைக்கில் சொன்னார். மண்டபமே சிரித்தது. அருணுக்குக் காது சுட்டது. ஆனாலும் கை நிற்கவில்லை.

போகப் போக வலது உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, எரிய ஆரம்பித்தது. மணிக்கட்டில் உணர்ச்சியே இல்லை. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஃபோனைப் பார்த்தான். இருட்டாகவே இருந்தது. ஆறுக்கு எட்டில் போகும் பாட்டு வந்தது. ராஜேந்திரனும் பாடகிப் பெண்ணும் சேர்ந்து பாடுவது. பல்லவி முடிந்து முதல் சரணம் தொடங்கும்போது திரை ஒளிர்ந்தது.

ஆர்த்தி.

அருண் ஒரு கணம் அதையே பார்த்தான். அடுத்த கணம் இடது ஸ்டிக்கைத் தொடைக்கு அடியில் செருகினான். கால் கிக்கை விடவில்லை; வலது கை ஹை-ஹேட் சிம்பலை விடவில்லை. ஸ்னேர் மட்டும் இல்லாமல் தாளம் மெலிந்து போயிற்று. இடது கையால் ஃபோனை எடுத்துக் காதில் வைத்து, தோளால் அழுத்திக்கொண்டான். ராஜேந்திரன் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். தல்ஹா என்ன கண்டானோ, ஸ்னேர் விட்ட இடத்தைக் கீபோர்டால் நிரப்பினான்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. கத்திக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு! பொண்ணு பொறந்திருக்குது! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க! என்னையும் உள்ள விட்டாங்க, நான் கூடவே இருந்தேன்! கேக்குதா?"

"கேக்குது! ஆர்த்தி, நீ எப்படி இருக்க?"

அவள் மூச்சுதான் முதலில் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை.

"நல்லா இருக்கேன்," என்றாள். "நான் நல்லா இருக்கேன். வாசிங்க."

அவன் ஃபோனைப் பெட்டி மேல் போட்டுவிட்டு ஸ்டிக்கை உருவினான். சரணம் முடியும் இடத்தில் சரியாக ஒரு ரோல் போட்டு உள்ளே வந்தான். பாட்டில் அந்த இடத்தில் ரோல் கிடையாது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. "பொண்ணு!" என்று தல்ஹாவைப் பார்த்துக் கத்தினான். தல்ஹா பாடகியிடம் சொன்னான். பாடகி ராஜேந்திரனின் காதில் சொன்னாள். பாட்டு முடிந்ததும் ராஜேந்திரன் மைக்கைப் பிடித்து, "எங்க வீட்டுல இப்பதான் ஒரு மகாலட்சுமி பொறந்திருக்குது," என்றார். யார் வீடு, யார் குழந்தை என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் மண்டபம் கைதட்டியது. மணப்பெண் எழுந்து நின்று கைதட்டினாள்.

மறுநாள் காலை பார்வையாளர் நேரத்தில் அருணும் ஆர்த்தியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அருணின் உள்ளங்கையில் ஆர்த்தி லேபிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டரை ஒட்டியிருந்தாள். அவனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை; அதையும் அவள்தான் போட்டுவிட்டாள்.

சக்திவேல் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பியதும் அருணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அந்த ஸ்டாப்புல நிக்கலயாமே நீங்க? தல்ஹா சொன்னான்," என்றான். அருண் அவன் முதுகில் ஒன்று வைத்தான். அதுவரை அடக்கி வைத்திருந்தது சக்திவேலின் கண்ணில் வந்துவிட்டது.

உள்ளே கவியா சோர்ந்து படுத்திருந்தாள். அவளுடைய அம்மா வந்துவிட்டிருந்தார். "அக்காவோட கைய நான் நேத்து பிச்சே எடுத்திருப்பேன்," என்றாள் கவியா. ஆர்த்தியின் மணிக்கட்டில் நகக்கீறல்கள் சிவந்திருந்தன. ஆர்த்தி சிரித்துக்கொண்டே முந்தானையை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். குழந்தையைத் தூக்கி அருணிடம் காட்டினாள். தலை நிறையக் கருகருவென்று முடி. கண்ணைத் திறக்காமல் வாயை மட்டும் கோணிக்கொண்டு கொட்டாவி விட்டது.

வெளியே வந்து, எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. செங்கத்துக்குப் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது, கிளம்பியது. ஆர்த்தி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"நம்ம பையனுக்கும் முடி ஜாஸ்தி," என்றாள்.

அருண் டம்ளரைக் கீழே வைத்தான். இந்த நாலு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. நம்ம பையன்.

"நீங்க பாக்கவே இல்லையே. என்கிட்ட கொஞ்ச நேரம் குடுத்தாங்க. நர்சம்மா வேணாம்னாங்க, நான்தான் கேட்டு வாங்கினேன்."

"எப்படி இருந்தான்?" என்றான் அருண். "சொல்லு."

"சொல்லவா?"

"எல்லாத்தையும் சொல்லு."

அவள் டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். புடவையைச் சரிசெய்து, அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நெத்தி உங்களுது," என்று ஆரம்பித்தாள். "மூக்கு யாருதுனு தெரியல. விரல் எல்லாம் நீளம் நீளமா இருந்துச்சு..."

டீக்கடைக்காரர் இரண்டு டம்ளர்களிலும் டீ ஆறுவதைப் பார்த்தார். சூடாக வேறு போட்டுத் தரட்டுமா என்று கேட்க வந்தவர், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார்.